தேவகி தேய்த்த கார்டு

அம்பத்தூர் ஓ.டி. பக்கத்தில் இருக்கும் மருந்துக் கடையில் நேற்றும் அந்தக் கேள்வி வந்தது. வாந்தியை நிறுத்தும் மாத்திரை ஓர் அட்டை, வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கிற மருந்து ஒரு பாட்டில், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சர்க்கரைத் தூள் நாலு பாக்கெட். கார்டை நீட்டினேன். கல்லாவில் இருந்த பெண் அதை மெஷினில் சொருகிவிட்டு அதன் திரையைப் பார்த்தாள். பிறகு மெஷினை என் பக்கம் திருப்பி, “சார், இன்னாமோ கேக்குது பாருங்க. திர்ஹாமா ரூபாயாங்குது. எந்த ஊரு கார்டு இது?” என்றாள். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அயனம்பாக்கத்தில் பிறந்தவன். இந்தக் கடை இருக்கும் இடத்தில் முன்பு வாடகை சைக்கிள் கடை இருந்தது என்பதுகூட எனக்குத் தெரியும். அதையெல்லாம் நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வராது. ரூபாய் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துவிட்டு, மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திர்ஹாம் என்று அழுத்தினால், கார்டு கொடுத்த ஷார்ஜா வங்கி அதை உள்ளூரில் வாங்கியதாக எடுத்துக்கொண்டு, விமான டிக்கெட்டுக்குச் சேர்கிற புள்ளியாக ஒற்றை மைல்தான் தரும் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். ரூபாய் என்றால் இரட்டை மைல். அதாவது என் சொந்த ஊரில் நின்றுகொண்டு, இது எனக்கு வெளிநாடு என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போதுதான் விமானக் கம்பெனி எனக்கு மரியாதை செய்யும். இந்த மைல் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது, வந்து என்ன செய்தது என்பதை எழுதிவைக்கத் தோன்றுகிறது. ஊரில் இருப்பவர்களைவிட, அங்கே என்னைப் போல இதே மாதிரி கார்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு சுற்றுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் பதினேழு வருடமாக லேத்தில் நிற்கிறேன். கப்பல்களுக்கும் பெரிய பம்புகளுக்கும் தண்டு கடைந்து கொடுக்கிற பட்டறை. இப்போது எனக்குக் கீழே ஆறு பேர் இருக்கிறார்கள். படிப்பு ஐந்தாவதோடு நின்றது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கற்றுக்கொண்டதுதான் தொழில். நான் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது எங்களில் பாதிப் பேர் ஆட்டோ ஓட்டப் போனார்கள், நான் விமானம் ஏறினேன். ஆங்கில எழுத்துகள் தெரியும். அவற்றைச் சேர்த்து வார்த்தையாகப் படிப்பதற்குள் எதிரில் இருப்பவர் பொறுமை இழந்துவிடுவார். டிராயிங்கில் இருக்கும் அளவுகளை மட்டும் வேகமாகப் படிப்பேன். தேவகி என் மனைவி. அண்ணனூர்க்காரி. எங்களுக்குக் குழந்தை இல்லை. இந்தப் பதினேழு வருடத்தில் நான் அவளோடு இருந்த நாட்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் இரண்டு வருடம் தேறாது.

கார்டை வாங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. கடைத்தொகுதியில் லிஃப்ட் பக்கத்தில் மேசை போட்டு ஒருவர் நின்றிருந்தார். கழுத்தில் டை. பாகிஸ்தான்காரர் என்று நினைக்கிறேன். சம்பளச் சீட்டைப் பார்த்ததும் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பதினேழு வருடத்தில் அந்த ஊரில் ஒருவர் எனக்கு நாற்காலி போட்டது அதுதான் முதல் தடவை. வாங்குகிற ஒவ்வொன்றுக்கும் மைல் சேரும், மைல் சேர்ந்தால் டிக்கெட் இலவசம், ‘ஃபாரின்’ செலவு என்றால் இரட்டை மைல் என்றார். எனக்கு அதுதான் பிடித்தது. எங்கள் தெருவில் என் வீட்டுக்கு ஃபாரின்காரர் வீடு என்றே பெயர். நான் இருப்பது ஃபாரின், வாங்குவது ஃபாரின், எனக்கு எல்லாமே இரட்டை என்று எடுத்துக்கொண்டேன். சவரக் கத்தி, குப்பூஸ் ரொட்டி, முட்டை, சக ஆட்களின் போன் ரீசார்ஜ் என்று மூன்று மாதம் எல்லாவற்றையும் அந்தக் கார்டிலேயே வாங்கினேன். கணக்குத் தாள் வந்தபோது பார்த்தால் எல்லாமே ஒற்றை. திரும்பப் போய் அவர் முன்னால் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியாமல் தாளை நீட்டி, “மைன் ஃபாரின்” என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “நோ நோ. திஸ் இஸ் லோக்கல். யுவர் கன்ட்ரி இஸ் ஃபாரின்” என்றார். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து இந்தியிலும் ஒருமுறை சொன்னார். புரிந்ததால்தான் பேசாமல் நின்றிருந்தேன்.

அப்படித்தான் தேவகியின் பெயரில் கூடுதல் கார்டு ஒன்று வாங்கினேன். அவள் ஊரில் எது வாங்கினாலும் அது ஃபாரின் செலவு. ஒரு வருடம், ஒன்றரை வருடம் அவள் சாதாரணமாக வீட்டுக்கு வாங்குவதை அந்தக் கார்டில் வாங்கினாலே அவளுக்கு ஒரு டிக்கெட் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அவள் விமானம் ஏறியதில்லை. கடற்கரை, உயரமான கட்டிடம் எதையும் காட்டவேண்டாம் என்றாள். “உங்க லேத்தப் பாக்கணும். வேற இன்னா கீது அங்க எனக்கு” என்றாள். விடுமுறையில் வந்தபோது அவளைப் பாஸ்போர்ட் எடுக்கவைத்தேன். கார்டையும் கொடுத்து, பின் நம்பரை மனப்பாடம் செய்யவைத்துவிட்டுப் போனேன்.

அவள் முதலில் தேய்த்தது ஒரு குக்கருக்கு. நான் தண்டு ஒன்றில் மரை வெட்டிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அம்பத்தூரில் ஒரு பாத்திரக் கடையின் பெயர், தொகை, நேரம். மெஷினை நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டேன். அவள் இன்னும் கடை வாசலிலேயே நின்றிருந்தாள். “அதுக்குள்ள தெரிஞ்சிடுச்சா? இன்னாங்க இது, பக்கத்துல நின்னு பாக்குற மாரி கீது” என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் போனில் பேசத் தெரியாதவன். சாப்பிட்டாயா, மழை பெய்ததா என்று கேட்டால் அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வராது. இந்த மெசேஜ் வந்த பிறகு பேச விஷயம் கிடைத்தது. செருப்பு வாங்கினாயே, கடிக்கிறதா. எண்ணெய் இரண்டு டின் எதற்கு. கடையின் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவள் சரியா தப்பா என்று சொல்வாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் அதிகம் பேசிய காலம் அதுதான்.

அதில் என் மைத்துனன் பாபு வந்து சேர்ந்தான். தேவகியின் தம்பி. அம்பத்தூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். கார்டு விஷயம் தெரிந்ததும், “மாமா, நம்ம தெருவுல எவன் இன்னா வாங்குனாலும் உன் கார்டுல தேச்சிடலாம். துட்ட அக்கா கையில குட்துட சொல்றேன். நீ அடுத்த மாசம் பிளேன்லயே வேலைக்குப் போய்ட்டு வரலாம்” என்றான். அப்படியே நடந்தது. யாரோ ஒருவர் வீட்டு ஃப்ரிட்ஜ், யாரோ ஒருவர் மகளின் வளைகாப்புப் புடவைகள், யாரோ ஒருவரின் டயர் எல்லாம் என் போனில் வந்து விழுந்தன. எந்தக் கடை யாருடையது என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். பட்டறையில் என்னோடு வேலை பார்க்கும் நசீர், திருச்சூர்க்காரர், ஒருநாள் என் கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் வெளிநாட்டுக் கட்டணம் என்று வங்கி தனியாக எடுக்கிறது, அதைக் கூட்டினால் நீ காசு கொடுத்தே டிக்கெட் வாங்கியிருக்கலாம் என்றார். கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் காசு கொடுத்து வாங்கினால் அது வெறும் டிக்கெட். இது அவள் குக்கரும் செருப்பும் எண்ணெயும் சேர்ந்து அவளைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி. அதை நசீரிடம் எப்படிச் சொல்வது.

இப்போது இந்த வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலை பதினொரு மணி. ஏரிப்பக்கமாக ஜன்னல். நாலு பக்கமும் அடுக்குமாடி வந்துவிட்டதால் ஒரு துண்டு தண்ணீர்தான் தெரிகிறது. தேவகி உள்ளே படுத்திருக்கிறாள். குக்கர் விசில் சத்தம் அவளுக்கு ஆகவில்லை என்பதால் நான் சோற்றை வடித்துத்தான் ஆக்குகிறேன். ஷார்ஜாவில் எங்கள் அறையில் எட்டுப் பேர் இருந்தும் ஒருவரும் ஒருவரிடம் எதுவும் கேட்கமாட்டோம். ஒருவன் கழிவறையில் அழுதுவிட்டு வந்தால் அவனுக்கு டீ போட்டு வைப்போம், அவ்வளவுதான். இங்கே அப்படியில்லை. காய் வாங்கப் போனால் ஒருவர், குப்பை கொட்டப் போனால் ஒருவர், “எப்ப வந்தீங்க, எவ்ளோ நாள் லீவு” என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வீட்டு ஜன்னலைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என்னைத் தவிர இந்தத் தெருவில் எல்லாருக்கும் மாதக்கணக்கில் தெரிந்திருக்கிறது.

எப்போது மாறியது என்று போனில் பின்னோக்கிப் பார்த்தால் இப்போது தெளிவாகத் தெரிகிறது. ஒரு கட்டத்தில் ஃப்ரிட்ஜும் டயரும் நின்றுபோயின. செருப்பு, எண்ணெய் எல்லாமும் நின்றன. அதற்குப் பதிலாகப் பெயர் பாதியில் வெட்டுப்பட்ட கடைகள் வந்தன. மெசேஜில் இடம் போதாவிட்டால் கடைப்பெயரை நறுக்கிவிடுவார்கள். ‘டயக்’ என்று முடிகிற ஒரு கடை. டயர்க்கடையாக இருக்கும், பாபு வேலை என்று நினைத்தேன். அப்புறம் ஒன்று. ஏதோ ஒரு சாமி பெயர், அதன் பின்னால் ஓ, என், சி, ஓ. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஒன்கோ. மிக்ஸி, கிரைண்டருக்கெல்லாம் இப்படித்தான் பெயர் வைக்கிறார்கள். தொகை பெரிதாக இருந்தது. மைல் ஒரே நாளில் ஏறியிருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நசீருக்குக் கோழி வாங்கிக் கொடுத்தேன். இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதவேண்டும். கோழி வாங்கிக் கொடுத்தேன்.

இருபத்தொரு நாள் கழித்து அதே கடை, ஏறக்குறைய அதே தொகை. மறுபடி இருபத்தொரு நாள். நான் மரை வெட்டுகிறவன். ஒரே இடைவெளியில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் என் கண் அதில் நிற்கும். யாரோ தவணையில் எதையோ வாங்குகிறார்கள், மாதத் தவணைக்குப் பதில் இருபத்தொரு நாள் தவணை வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சமயத்தில் வீடியோவில் தேவகி எப்போது வந்தாலும் தலையில் துண்டு சுற்றியிருப்பாள். தலைக்குக் குளித்தேன் என்பாள். வாரத்தில் எந்த நாள் கூப்பிட்டாலும் தலைக்குக் குளித்திருந்தாள். ஒருமுறை, ‘நிராகரிக்கப்பட்டது’ என்று அந்தக் கடையிலிருந்து சிவப்பாக ஒரு மெசேஜ் வந்தது. வரம்பு தாண்டிவிட்டது. உடனே கூப்பிட்டேன். அவள் போனைப் பாபு எடுத்தான். பின்னால் ஒரு பெண் குரல், “நாப்பத்தி மூணு, நாப்பத்தி மூணு யாருப்பா” என்று கத்துவது கேட்டது. எங்கே இருக்கிறாய் என்றேன். “ரேஷன் கட மாமா. செம கூட்டம், அப்பால பேசுறேன்” என்றான். வங்கிக்கு போன் போட்டு வரம்பை ஏற்றச் சொன்னேன். ஏற்றினார்கள். அஞ்சு நிமிடத்தில் அந்தத் தொகை கார்டிலிருந்து போய்விட்டது. மைலும் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம்தான் தேவகியிடம் கேட்டேன். ஒன்கோ என்றால் என்ன கடை, மைல் நல்லா ஏறுதே என்று. சிரித்துக்கொண்டே கேட்டேன். போன் நின்றுவிட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்றேன்.

“பொடவக் கட” என்றாள். “நல்லா பொடவ வெச்சிகிறாங்க.”

மைல் நிரம்பியதும் அவளுக்கு டிக்கெட் போட நசீரிடம் போனைக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் நிரப்புவதெல்லாம் அவர்தான். மதியச் சாப்பாட்டு நேரம். அவர் மைல் எங்கிருந்து வந்தது என்று பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. கீழே போனார், மேலே வந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், “ஏழுமலையே, வீட்டில் ஆருக்கா சுகமில்லாத்தது?” என்றார். யாருக்கும் இல்லை, அது புடவைக் கடை, ஒன்கோ என்றேன். நசீரின் தகப்பனார் தொண்டையில் புற்றுநோய் வந்து இறந்தது எங்களுக்கெல்லாம் தெரியும். அவர் சாப்பாட்டுத் தட்டை மூடினார். “அது புடவைக் கடை அல்ல. என் வாப்பாவைக் கொண்டுபோன இடத்திலும் அந்த எழுத்துதான் வாசல்ல இருந்தது” என்றார். அவர் டிக்கெட்டில் பயணி என்று தேவகியின் பெயரை அடித்து வைத்திருந்தார். அதை அழித்துவிட்டு என் பெயரைப் போடச் சொன்னேன்.

சொல்லாமல்தான் வந்தேன். கதவைத் திறந்தவள் துண்டில்லாமல் இருந்தாள். அவள் தலையின் வடிவம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் பெட்டியை இறக்கவில்லை. அவளும் வா என்று சொல்லவில்லை. என்னையும் பெட்டியையும் பார்த்துவிட்டு, “மைலு சேந்துடுச்சா?” என்று கேட்டாள்.

மார்பில் என்று பாபு சொன்னான். என் கையைப் பிடித்துக்கொண்டு அவன்தான் அழுதான். ‘டயக்’ என்று வந்தது முதலில் பரிசோதனை செய்த டயக்னாஸ்டிக் சென்டராம். அரசாங்கக் காப்பீட்டு அட்டைக்கு எழுதப் போனபோது என் சம்பளத்தைக் காட்டி ஆகாது என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் ஆவடி போகிற வழியில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். டாக்டர் நல்ல மாதிரி. ஆனால் அவர் எதற்கும் ‘பார்க்கலாம்’ என்றே சொல்கிறார். குணமாகுமா என்றால் பார்க்கலாம். பரவியிருக்கிறதா என்றால் ஆறாவது ஊசி முடியட்டும், ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். என் தொழிலில் மயிரிழை கூடவோ குறையவோ எவ்வளவு போகலாம் என்று டிராயிங்கிலேயே எழுதியிருப்பார்கள். அந்த அளவுக்குள் இருந்தால் நல்ல தண்டு, தாண்டினால் குப்பை. பார்க்கலாம் என்பதற்கு அளவே கிடையாது. அதை வைத்துக்கொண்டு நான் இங்கே வீட்டுக்கும் மருந்துக் கடைக்கும் நடக்கிறேன்.

வந்து நாலைந்து நாள் வரை அவளிடம் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது வராது என்று சொன்னேனே. ஒரு மத்தியானம் கரண்ட் போயிருந்தது. விசிறிக்கொண்டிருந்தபோது, ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன். “சொன்னா வேலைய உட்டுட்டு வந்து நிப்பீங்க. அப்பால எத்த வெச்சி வைத்தியம் பாக்குறது? பாபுகிட்டயும் சத்தியம் வாங்கிகினேன்” என்றாள். அது எனக்கும் தெரிந்ததுதான். அப்படியானால் எப்போதும்போல என்னைப் பணம் அனுப்பச் சொல்லி அதைக் கட்டியிருக்கலாமே, கார்டில் எதற்குத் தேய்த்தாய், எனக்குத் தெரிந்துவிடாதா என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். சுவரைப் பார்த்தே பேசினாள்.

“மெசேஜு போவும்னு தெரியாமலா தேச்சேன்? குக்கர் வாங்குன அன்னிக்கு, கடைய உட்டு எறங்குறதுக்குள்ள போன் பண்ண ஆளு நீங்க. என் வாயால சொல்ல முடில. சரி, மெசேஜு சொல்லட்டும்னு உட்டுட்டேன். ஒவ்வொரு வாட்டியும் தேச்சிட்டு, ஊசி போடுற கைல போன வெச்சிகினு உக்காந்துகினு இருப்பேன். நர்ஸு திட்டும். நீங்களா இன்னான்னு கேட்டா சொல்லிடலாம்னு. நீங்களும் ஒரு நாளு கேட்டீங்க. இன்னா கேட்டீங்கன்னு ஞாபகம் கீதா?”

இருந்தது. விசிறியை வைத்துவிட்டு வெளியே போய் ஏரிக்கரையில் நின்றேன். அவள் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். ஐந்து கடிதம், இருபத்தொரு நாளுக்கு ஒன்று. நான் தபால்தலையை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னும் ஐந்து நாளில் நான் திரும்பிப் போகவேண்டும். போகாமல் இருக்க முடியுமா என்று எல்லாப் பக்கமும் யோசித்துவிட்டேன். நான் அங்கே நின்றால்தான் அவள் இங்கே படுத்துக்கொள்ள இடம். இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை பக்கம் எழுதினேனோ என்னவோ. என்னைப் போன்றவர்களுக்கு இது தெரியும். ஆறாவது ஊசி நான் இருக்கும்போதே முடிந்துவிட்டது. ஸ்கேன் நான் போன பிறகு. அதன் முடிவு, டாக்டர் பார்க்கலாம் என்று சொல்கிற நாள், எல்லாம் நான் போன பிறகுதான். போன வாரம் நான் கிளம்பும் தேதியைச் சொல்லும்போது தேவகி தன் பாஸ்போர்ட்டை எடுத்து விரித்து வைத்திருந்தாள். அதில் இருக்கும் போட்டோவில் பின்னல் போட்டு, முன்னால் எடுத்துவிட்டு இருக்கிறாள். “இந்த மூஞ்சியும் அந்த மூஞ்சியும் ஒண்ணுன்னு ஏர்போட்ல எவன் ஒத்துக்குவான்?” என்றாள். பிறகு பாஸ்போர்ட்டை மூடிக்கொண்டு, “போய்ட்டு வாங்க. மெசேஜு வந்தா நான் கீறேன்னு அர்த்தம். வரலன்னா மட்டும் போன் பண்ணுங்க” என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள்.

நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. கடைசி இரண்டு முறையும் அவளால் வரிசையில் நிற்க முடியவில்லை, பாபுதான் கவுண்டரில் தேய்த்திருக்கிறான். பின் நம்பர் அவனுக்குத் தெரியும். அவள் உள்ளே எப்படிக் கிடந்தாலும், கிடக்காவிட்டாலும், அவன் தேய்த்தால் மெசேஜ் எனக்கு வந்துவிடும். அந்த மெசேஜுக்கு யார் கை என்று தெரியாது.

நேற்று முன்தினம் ஆறாவது ஊசி. பாபு பழக்கதோஷத்தில் கார்டை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனான். நான் அவனிடமிருந்து வாங்கித் தேவகியிடம் கொடுத்து, இனிமேல் உன் கையால்தான் தேய்க்கவேண்டும், முடியாத நாளில் யாரும் தேய்க்கக் கூடாது, பணம் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்றேன். பாபு, “இன்னா மாமா, நிக்கவே முடியாத ஆளப் போய்” என்று ஆரம்பித்தான். தேவகி அவனைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். அவளுக்குப் புரிந்துவிட்டது. “உசுரோட கீறேனான்னு பாக்குறதுக்கு ஒரு மெஷினு” என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஐந்து பேர். யாரோ ஒருவர் அவள் தலையைப் பார்த்துவிட்டு முன்னால் போகச் சொன்னார். அவள் வேண்டாம் என்று சொல்லி வரிசையிலேயே நின்றாள். நான் பிடிக்கவில்லை, பக்கத்தில் மட்டும் நின்றேன். முறை வந்ததும் மெஷினை மேடைமேல் வைத்து, இடது கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரலால் நாலு எண்ணையும் ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஊசி ஏறி ஏறி நகம் கறுத்திருந்தது. இரண்டாவது எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் நடுவில் கொஞ்சம் நின்றாள். மறந்துவிட்டாளோ, முடியவில்லையோ, எனக்குத் தெரியவில்லை. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அழுத்தினாள். மெஷின் தாளைத் துப்பியது.

என் ஷார்ஜா நம்பருக்கு மெசேஜ் வழக்கமாக உடனே வந்துவிடும். அன்று வரவில்லை. கவுண்டர்க்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஓரமாக ஒதுங்கி, போன் இருந்த என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. அவள் தோள் என் கைமேல் பட்டுக்கொண்டிருந்தது. பிறகு பை அதிர்ந்தது. அவள், “வந்துடுச்சா?” என்றாள். வந்துவிட்டது என்றேன். என்னை ஒட்டி நிற்கிறவள் இருக்கிறாள் என்ற செய்தி, கடல் தாண்டி ஷார்ஜாவுக்குப் போய், அங்கே நான் இல்லை என்று தெரிந்துகொண்டு, திரும்பி வந்து சேர அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது.